ஓட்டுக்கு ஹால் டிக்கெட்

வா பேராண்டி, இப்படி வந்து குந்து. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், பார்த்து. டீ சொல்லட்டா? சக்கரை வேணாமா? சரிதான். ஐ.டி. பார்க் வேலைக்குப் போற பசங்க எல்லாம் சக்கரையை விட்டுட்டீங்க. ரேஷன்ல வாங்கின சக்கரை எங்க வீட்டுல டப்பா டப்பாவா கெடக்குது.

நேத்து கல்யாணப் பந்தியில நீ பேசினதை நாலு இலை தள்ளிக் குந்திக்கினு கேட்டுக்கினுதான் இருந்தேன். "ஓட்டுப் போட வர்றவனுக்கு முதல்ல ஒரு பரீட்சை வைக்கணும். எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் வித்தியாசம் தெரியாதவன் ஓட்டும் என் ஓட்டும் ஒண்ணா?"ன்னு கேட்டே. சுத்தி இருந்தவன் எல்லாம் தலையாட்டினான். பாயசம் ஊத்துற நேரத்துல எதுக்கு வேணும்னாலும் தலையாட்டுவான், அது வேற கதை.

ஆனா நான் மனசாரச் சொல்றேன், அருமையான யோசனை. எனக்கு முழுச் சம்மதம். எப்படி நடத்துறதுன்னு மட்டும் தாத்தாவும் பேரனும் குந்திப் பேசி முடிச்சிக்கலாம். நான் எட்டாவதைத் தாண்டாதவன்தான். ஆனா பரீட்சை ஹால் எனக்கு நல்லாப் பழக்கம். எட்டாவதுக்கு மட்டும் மூணு தடவை போய்க் குந்தியிருக்கேன்.

முதல்ல சென்டர் போடணும். அம்பத்தூர்க்காரனுக்குப் பூந்தமல்லியில போடுவாங்க, பூந்தமல்லிக்காரனுக்கு ஆவடியில போடுவாங்க. அப்பதான் அது பரீட்சை மாதிரி இருக்கும். உங்க அத்தைப் பாட்டி முட்டிவலியோட ரெண்டு பஸ் மாறிப் போவா. வாசல்ல நிறுத்தி மூக்குத்தியைக் கழட்டச் சொல்லுவாங்க. அடுத்த மாசமே ஆவடி செக்போஸ்ட் பக்கம் ரெண்டு கோச்சிங் சென்டர் முளைக்கும். "போன வருஷம் எங்க மாணவர்கள் நூத்துக்கு நூறு ஓட்டு"ன்னு ஃப்ளெக்ஸ் வைப்பான். ஓட்டுக்குக் காசு குடுக்கிற கட்சிக்காரன் இருக்கானே, அவன் மட்டும் சும்மா இருப்பானா? இனிமே கவர்ல பணம் வெக்க மாட்டான், கோச்சிங் ஃபீஸைக் கட்டிடுவான். ரசீதோட குடுக்கலாம், தப்பே இல்ல. நீ ஒழிக்கணும்னு நெனச்ச லஞ்சத்துக்கு நீயே ஜி.எஸ்.டி. போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும்.

சிரிக்காத. இதெல்லாம் சில்லறைத் தொந்தரவு, சமாளிச்சிக்கலாம். பெரிய தொந்தரவு கேள்வித்தாள்.

ஒத்திகை பார்க்கலாம், வா. நான் நாலு கேள்வி கேக்கிறேன். இப்ப நாம குந்தியிருக்கிற இந்தத் திண்ணை எந்த ஊருக்குச் சேர்ந்தது? அம்பத்தூரா? அது ரயில்வே ஸ்டேஷன் போர்டுல இருக்கிற விடை. 2011-ல நகராட்சியைக் கலைச்சி சென்னை மாநகராட்சியில சேர்த்துட்டாங்க, ஏழாவது மண்டலம், 79-ல இருந்து 93 வரைக்கும் வார்டு. தாலுகா ஆபீஸ் எந்த மாவட்டம்? 2018-ல இருந்து சென்னை. அப்போ போலீஸ் சென்னை கமிஷனரா? இல்ல கண்ணு, 2022-ல ஆவடிக்குத் தனிக் கமிஷனர் போட்டாங்களே, அவருகிட்ட. எம்.எல்.ஏ. தொகுதி அம்பத்தூர்தான், ஆனா தேர்தல் கணக்குல அது திருவள்ளூர் மாவட்டத்துல வரும். எம்.பி.? முழிக்கிறே பாரு. ஸ்ரீபெரும்புதூர். பக்கத்து ஆவடிக்காரனுக்குத் திருவள்ளூர். மாநகராட்சி கெழக்க இழுக்குது, போலீஸ் மேக்க இழுக்குது, எம்.பி. தெக்க இழுக்கிறார், திண்ணை மட்டும் இருந்த எடத்துலயே இருக்குது.

சரி, இது என் வீடு, உனக்குத் தெரியாது. உன் வீட்டைப் பத்திக் கேக்கிறேன். அயப்பாக்கத்துல ஃப்ளாட் வாங்கினியே, லிஃப்ட்டு, ஜிம்மு எல்லாம் வெச்சி. அப்போ அது மாநகராட்சியா, நகராட்சியா? ரெண்டும் இல்ல. நீ வாங்கினப்போ அது கிராமப் பஞ்சாயத்து. ஆமாண்டா, கிராமம். உங்க ஊருக்கும் கிராமசபை கூட்டினாங்க. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தின்னு மரத்தடியில பெஞ்சு போட்டு வரவு செலவு படிப்பாங்க. ஒரு தடவையாவது போனியா? லீவு நாள்ல மகாபலிபுரம் போனே. போகட்டும். 2025 ஆகஸ்ட் 15-ல உங்க பஞ்சாயத்துத் தலைவர் யாருன்னு கேட்டா இன்னா எழுதுவே? செல்லுல தேடாத, அது காப்பி. சரியான விடை, யாருமில்ல. 2019 டிசம்பர்ல தேர்தல் நடத்தினாங்க. அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சிது. மறு தேர்தல் வைக்காம தனி அலுவலர் கையில குடுத்துட்டாங்க. உன் ஊருக்குத் தலைவர் இல்லாமப் போனது உனக்கே தெரியல. இதுல நீ எங்களுக்குக் கேள்வித்தாள் எடுக்கிறே.

கோச்சிக்காத. டீயைக் குடி.

இப்ப நீ கேளு. அரசியல் சட்டத்துல எத்தனை அட்டவணை, மாநிலங்களவைக்கு எத்தனை உறுப்பினர்... நான் ஃபெயில். ஒத்துக்கிறேன். அப்பால நான் கேப்பேன், அம்பத்தூர் ஏரி ரொம்பினா தண்ணி எங்க போகும்? கொரட்டூர் ஏரிக்கு. செம்பரம்பாக்கம் மதகைத் தொறந்தா எந்த ஆறு பொங்கும்? அடையாறு. இந்தக் கேள்வியில படிச்ச சென்னை மொத்தமும் 2015 டிசம்பர்ல ஃபெயிலாச்சு, மொட்டை மாடியில நின்னுக்கினு. உன் தாள்ல நான் ஃபெயில், என் தாள்ல நீ ஃபெயில். கேள்வித்தாள் எவன் கையிலயோ ஓட்டும் அவன் கையிலதான்.

இதை நான் திண்ணையில குந்தி யோசிச்சிச் சொல்றேன்னு நெனைக்காத. கிளை நூலகத்துல தினம் காலையில போய் ஃபேனுக்கு நேரா இடம் புடிக்கிறது எதுக்கு? பேப்பர் படிக்கத்தான் போறேன், தூக்கம் அப்பால. உன் யோசனையை அமெரிக்காக்காரன் அறுபது எழுபது வருஷம் ஓட்டிப் பார்த்துட்டான். தெக்கத்தி மாகாணங்கள்ல கறுப்பருக்கு ஓட்டு இல்லேன்னு சட்டத்துல எழுத முடியாது, 1870-லயே குடுத்தாச்சு. அதனால எழுதப் படிக்கத் தெரியுதான்னு பரீட்சை வெச்சான். அதுல ஒரு சங்கடம், படிக்காத வெள்ளைக்காரனும் மாட்டுவானே. அதுக்கும் வழி கண்டுபுடிச்சான் பாரு. உன் தாத்தா 1867-க்கு முன்னாடி ஓட்டுப் போட்டவரா? அப்போ உனக்குப் பரீட்சை இல்ல, உள்ள வா. கறுப்பனோட தாத்தா அதுக்கு முன்னாடி அடிமை, இல்ல அப்பதான் விலங்கு கழண்டவர். அவர் எங்க ஓட்டுப் போட்டிருப்பாரு? பேரனுக்குப் பரீட்சையா இல்லையான்னு தாத்தாவைக் கேட்டு முடிவு பண்ணியிருக்கான். தாத்தாவுக்கு இவ்வளவு மரியாதை குடுத்த சட்டம் உலகத்துல வேற கெடையாது. 1915-ல அவங்க சுப்ரீம் கோர்ட் அதைத் தூக்கிக் கடாசிச்சு.

தாத்தா போனாலும் பரீட்சை போகல. லூசியானாவுல 1960-கள்ல வெச்ச ஒரு தாள்ல முப்பது கேள்வி, பத்து நிமிஷம், ஒண்ணு தப்பினாலும் ஃபெயில். கேள்வியா அது? இந்த எழுத்தைச் சுத்திக் கோடு போடு, அந்த வார்த்தையைத் தலைகீழா எழுதுங்கிற ஜாதி. கோடு வட்டமா இருக்கணுமா, சதுரமா இருக்கணுமான்னு கேள்வியில இருக்காது. திருத்துறவன் மூஞ்சியப் பார்த்து முடிவு பண்ணிக்குவான். புரொஃபசரே போனாலும் தோலு கறுப்புன்னா கோடு கோணல்தான். கறுப்பருங்க அடிபட்டு, ஊர்வலம் போயி, உயிரை விட்டு, 1965-ல சட்டம் வந்துதான் அந்த மாகாணங்கள்ல இந்தப் பரீட்சை நின்னுச்சு. 1970-ல நாடு முழுக்க மூடினான்.

அது வெள்ளைக்காரன் கதை, நம்மாளு அப்படிச் செய்ய மாட்டான்னு நெனைக்கிறியா? கடலைத் தாண்டினா இலங்கை. 1911-ல அங்க சட்டசபையில 'படித்த இலங்கையர்'னே ஒரு இடம் ஒதுக்கினாங்க. ஒரே இடம். இங்கிலீஷ் படிப்பு இருக்கிறவன்தான் ஓட்டுப் போடலாம். நாப்பது லட்சம் ஜனம் இருந்த தீவுல அந்த இடத்துக்கு ஓட்டு மூவாயிரத்தைத் தொடல. ஜெயிச்சவர் நம்ம பொன்னம்பலம் இராமநாதன். பெரிய படிப்பாளி, பெரிய மனுஷன், அதுல சந்தேகமே வேணாம். ஆனா அப்பால, எல்லாருக்கும் ஓட்டுன்னு டொனமூர் கமிஷன் சொன்னப்போ அதை எதிர்த்தவரும் அவரேதான். தான் பாஸான பரீட்சையை எடுக்கச் சொன்னா எவனுக்குத்தான் மனசு வரும்? 1931-ல படிச்சவன் படிக்காதவன், ஆம்பளை பொம்பளை எல்லாருக்கும் ஓட்டு வந்துச்சு.

வந்ததை வெச்சிக்கினு மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துத் தமிழன் 1947-ல ஏழு பேரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினான். உடனே 1948-ல இன்னொரு பரீட்சை. இது காகிதப் பரீட்சை. அப்பன் இந்த மண்ணுல பொறந்தானா, பாட்டன் பொறந்தானா, சீட்டு காட்டு. லயத்துக் குடிசையில பொறந்தவனுக்கு யாரு சீட்டு எழுதினா? குடியுரிமை போச்சு, 1949-ல ஓட்டும் போச்சு. அமெரிக்காவுல தாத்தாவைக் கேட்டான், இலங்கையிலயும் தாத்தாவைத்தான் கேட்டான். எங்க பார்த்தாலும் ஏழையோட தாத்தாதான் ஃபெயிலாவறாரு.

நம்ம நாட்டுல இன்னிக்கு நடக்குமான்னு கேப்பே. ஓட்டுப் போடுறவனுக்கு இல்ல, நிக்கிறவனுக்கு நடந்தது. 2015-ல ஹரியானாவுல பஞ்சாயத்துத் தேர்தல்ல நிக்கணும்னா ஆம்பளை பத்தாவது, பொம்பளைன்னா எட்டாவது, தலித் ஆம்பளைக்கும் எட்டாவது, வார்டு மெம்பருக்கு நிக்கிற தலித் பொம்பளைன்னா அஞ்சாவதுன்னு சட்டம் போட்டாங்க. வீட்டுல கக்கூஸ் இருக்கணும். கரண்ட் பில் பாக்கி, கூட்டுறவு பாங்க் கடன் பாக்கி இருக்கக் கூடாது. அந்த வருஷம் டிசம்பர் 10-ல சுப்ரீம் கோர்ட்டும் செல்லும்னு சொல்லிடுச்சு. நல்லது கெட்டது பிரிச்சிப் பார்க்கிற சக்தியைப் படிப்புதான் தருதுன்னு தீர்ப்புல எழுதினாங்க. கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒண்ணு பாரு, அந்தச் சட்டத்துக்குக் கையைத் தூக்கின எம்.எல்.ஏ.வுக்குப் பத்தாவது வேணும்னு எங்கயும் எழுதல. ஊருக்கு ரெண்டு தெருவிளக்கு போடப் பத்தாவது வேணுமாம், மாநிலத்துக்கே சட்டம் போட ஒண்ணும் வேணாமாம். பள்ளிக்கூடம் கட்டாதது அரசாங்கம். கக்கூஸ் கட்டக் காசில்லாதவன் குடிமகன். மார்க் மட்டும் குடிமகனுக்குக் கொறையும்.

படிச்சவனுக்குத்தான் நல்லது கெட்டது தெரியும்னா, நம்ம ஊர்க் கதை ஒண்ணு சொல்றேன், கேளு. இதைச் சொல்றதுக்குத்தான் உன்னைக் குந்த வெச்சேன்.

1952 ஜனவரி. முதல் பொதுத் தேர்தல். எனக்கு அஞ்சு வயசு, எங்கம்மா இடுப்புல இருந்தேன். அந்தத் தேர்தல்ல நாட்டுல 17 கோடி பேருக்கு ஓட்டு, அதுல நூத்துக்கு எண்பத்தஞ்சு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேர்தல் கமிஷனர் சுகுமார் சென்னுன்னு ஒருத்தர், உன்ன மாதிரி தலையில அடிச்சிக்கினு குந்தல. படிக்கத் தெரியலன்னா படம் வைன்னார். நிக்கிற ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல சின்னம், சீட்டைப் புடிச்ச பெட்டியில போட வேண்டியது. வடக்க லட்சக்கணக்கான பொம்பளைங்க தன் பேரைச் சொல்ல வெக்கப்பட்டு 'இன்னாரோட பொஞ்சாதி', 'இன்னாரோட பொண்ணு'ன்னு எழுத வெச்சாங்களாம். பேர் சொன்னாத்தான் ஆச்சுன்னு 28 லட்சம் பேரை அடிச்சிட்டார் மனுஷன். அது ஒண்ணுதான் அந்தத் தேர்தல்ல நடந்த பரீட்சை. எங்கம்மா தன் பேரைக் கணீர்னு சொன்னா. அன்னிக்குத்தான் அவ பேரு எனக்கே தெரியும்.

ரெட்டை மாட்டுப் பெட்டி முன்னாடி ரொம்ப நேரம் நின்னா. காங்கிரஸ் சின்னம் அது. காந்தி கட்சி, நேரு கட்சி, சுதந்திரம் வாங்கின கட்சி. நின்னுட்டு, நகந்து போயிப் பக்கத்துப் பெட்டியில போட்டுட்டு வந்துட்டா. எங்கப்பா இன்னாத்துக்கு அப்படிப் பண்ணேன்னு கேட்டதுக்கு, "அவுன்ஸ் கணக்குல அரிசி அளக்கிறவனுக்கு மாடு எதுக்கு?"ன்னா. அப்போ உணவுக் கட்டுப்பாடு. விளைஞ்ச நெல்லை ஊரு விட்டு ஊரு எடுத்துக்கினு போவ முடியாது, ரேஷன்ல அளந்து குடுப்பான். எங்கம்மாவுக்குச் சட்டசபைன்னா இன்னான்னு தெரியாது. உலை தெரியும்.

எங்கம்மா மாதிரி எத்தனை பேரோ. சென்னை ராஜதானியில 375 இடத்துல காங்கிரஸ் 152-ஓட நின்னு போச்சு. முதலமைச்சரா இருந்த குமாரசாமி ராஜாவே தோத்தார். அப்பால ராஜாஜியைக் கொண்டாந்தாங்க. அவர் தேர்தல்லயே நிக்கல, மேலவையில நியமனம் பண்ணி உள்ள கூட்டிக்கினு வந்தாங்க. வந்தவர் அந்த ஜூன் மாசமே உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். பெரிய தைரியம் வேணும் அதுக்கு, அந்தப் புண்ணியம் அவருக்கு உண்டு. ஆனா அவரை எடுக்க வெச்சது யாரு? படிக்காத பொம்பளைங்க பெட்டியில போட்ட சீட்டு. பேராண்டி, உனக்கு இன்னும் புரியலையா? ஓட்டுங்கிறது நாம எழுதுற பரீட்சை இல்ல. அஞ்சு வருஷம் அவன் எழுதுறான், நாம திருத்துறோம். திருத்துறவனுக்கே பரீட்சை வெச்சா, எழுதுறவன் பிட்டு அடிச்சிக்கினு ஜாலியாக் குந்தியிருப்பான்.

கதை முடியல. ராஜாஜியை விடப் படிச்ச முதலமைச்சர் இந்த ராஜ்யத்துக்கு வாய்க்கல. வக்கீலு, எழுத்தாளரு, கவர்னர் ஜெனரலா இருந்தவரு. அவர் 1953-ல ஒரு திட்டம் கொண்டாந்தார். பசங்களுக்குப் பள்ளிக்கூடம் மூணு மணி நேரம், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கத்துக்கோன்னு. குலக்கல்வின்னு ஊரே கொதிச்சிது. எனக்கு ஆறு வயசு. எங்கப்பன் தொழிலு மாடு ஓட்டுறது. எனக்கு ரொம்பச் சந்தோஷம், எங்கம்மாவுக்குத்தான் இல்ல. 1954-ல அவர் எறங்கினார், காமராஜர் வந்தார். ஆறாவதோட நின்னவர். உன் பரீட்சையில அவருக்கு ஹால் டிக்கெட்டே வராது. வந்ததும் அந்தத் திட்டத்தை எடுத்தார், ஊர் ஊராப் பள்ளிக்கூடம் தொறந்தார், மத்தியானம் சோறு போட்டார். அந்தச் சோத்துக்குத்தான் நான் எட்டாவதை மூணு தடவை படிச்சேன்.

ராஜாஜி கெட்டவர்னு சொல்ல வரல. நல்ல எண்ணத்துலதான் செஞ்சிருப்பார். தனக்குத் தெரிஞ்சதுதான் அறிவு, மத்தவனுக்குத் தெரிஞ்சது சும்மா பழக்கம்னு படிச்சவனுக்கு ஒரு நெனப்பு வரும். உனக்கும் நேத்துப் பந்தியில வந்துச்சு.

அதுக்காகக் காமராஜரைத் தூக்கித் தலையில வெச்சிக்கினாங்களா ஜனங்க? 1967-ல அரிசித் தட்டுப்பாடு. அவர் சொந்த ஊரு விருதுநகர்லயே மாணவர் தலைவரா இருந்த சீனிவாசன்கிட்ட தோத்தார். சோறு போட்ட புண்ணியவான்னும் பார்க்கல. அந்த வருஷத்துத் தாளு சரியில்ல, மார்க்கைக் கொறச்சிட்டாங்க. எனக்கு இன்னிக்கும் அதுல மன வருத்தம் உண்டு. ஆனா தப்புன்னு சொல்ல மாட்டேன்.

1955 ஜனவரியில ஆவடியில காங்கிரஸ் மாநாடு நடந்தது தெரியுமா? அப்போ ஆவடியில டேங்க் ஃபேக்டரி கூட வரல. நேரு வந்தாரு, தேபர் தலைவரு. இனிமே நாட்டைச் சோஷலிச பாணியில கொண்டு போவோம்னு தீர்மானம் போட்டாங்க. இன்னிக்கும் சரித்திரப் பொஸ்தகத்துல ஆவடி தீர்மானம்னு வருது, உன் பரீட்சையில கேள்வியாக் கூட வரும், ரெண்டு மார்க். எங்கப்பா அந்த மாநாட்டுக்குப் போனாரு. திரும்பி வந்ததும் தீர்மானம் இன்னாப்பான்னு கேட்டேன். "மோரு நல்லா வித்துச்சுடா"ன்னாரு. ரெண்டு பானை கொண்டு போயிருந்தாரு. சோஷலிசத்துக்கு ரெண்டு மார்க் அவருக்குப் போச்சு. ஆனா அடுத்த பத்து வருஷத்துல அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டு வந்து, ஊர் ஊரா நெலம் எடுத்து, கம்பெனி வந்து, இன்னா மாறிச்சு இன்னா மாறலன்னு அவருக்குத் தெரிஞ்ச அளவுக்குப் பொஸ்தகம் எழுதினவனுக்குத் தெரிஞ்சிருக்காது.

டிகிரிக்குத் தனி மரியாதை நம்ம ஊர்லயே இருந்தது, தெரியுமா உனக்கு? மேலவையில பட்டதாரித் தொகுதின்னு ஒண்ணு. டிகிரி முடிச்சவன் மட்டும் போட்டு ஆளை அனுப்பலாம். 1986 நவம்பர்ல எம்.ஜி.ஆர். மேலவையையே மூடிட்டார். அதுக்காக எந்தப் பட்டதாரியாவது சாப்பிடாம இருந்தானா? இருக்கிற ஓட்டையே போடாதவன் கூடுதல் ஓட்டுக்கா அழுவான்? 2022 பிப்ரவரியில மாநகராட்சித் தேர்தல் நடந்துச்சே, சென்னையில நூத்துக்கு நாப்பத்து மூணு பேரு, கொஞ்சம் சொச்சம், அவ்வளவுதான் வந்தது. படிப்பு ஜாஸ்தியா இருக்கிற ஊரு. மாநிலம் மொத்தத்துக்கு அறுபது. அன்னிக்கு எங்க பூத்துல எனக்கு முன்னாடி நின்னது பூக்கட்டுற அம்மா, பின்னாடி நின்னது எஸ்டேட்டுல லேத்து ஓட்டுறவன். நீ எங்க இருந்தே? வேணாம், சொல்லாத. சனிக்கிழமை அது, எனக்குத் தெரியும்.

ஜனங்களுக்கு ஒண்ணும் தெரிய வேணாம்னு சொல்றேன்னு எடுத்துக்காத. தெரியணும். கவுன்சிலர் வேலை எது, எம்.எல்.ஏ. வேலை எதுன்னு தெரியாமத்தான் சாக்கடை அடைச்சா எம்.பி.யைத் திட்டுறோம். அவனும் அது நம்ம வேலை இல்லேன்னு தப்பிச்சிக்கிறான். அதுக்குப் பள்ளிக்கூடத்துல பாடம் இருக்குது. குடிமையியல்னு பேரு, பரீட்சைக்கு முன்னாடி ரெண்டு பிரியட்ல முடிச்சி விட்டுர்றாங்க. அதைச் சரியாச் சொல்லிக் குடுக்கச் சொல்லு, நான் கொடி புடிச்சிக்கினு வர்றேன். பாடம் நடத்தாம பரீட்சை மட்டும் வைக்கிற வாத்தியாரை நான் மூணு வருஷம் பார்த்தவன்.

பரீட்சை வெச்சே ஆவணும்னு உனக்கு நமைச்சலா இருந்தா, உத்திரமேரூர் போயிட்டு வா. கோயில் சுவத்துல ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி பராந்தக சோழன் காலத்துல வெட்டி வெச்சிருக்காங்க. குடவோலைன்னு உங்க பொஸ்தகத்துலயும் வரும். அங்க தகுதி கேட்டது வாரியத்துல குந்தப் போறவனுக்கு. வேதம் தெரியணும், வரி கட்டுற நெலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், முப்பத்தஞ்சுக்கு மேல எழுபதுக்குள்ள இருக்கணும். அதெல்லாம் அந்த பிராமண ஊருக்கு அவங்க போட்டது, நம்மள உள்ளயே விட்டிருக்க மாட்டான், அது கெடக்கட்டும். அதுல ஒரு வரி மட்டும் எனக்கு ரொம்பப் புடிக்கும். முன்னாடி பதவியில இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக் கூடாது, அவன் சொந்தக்காரனும் வரக் கூடாது. மாமன் மச்சான் வரைக்கும் பட்டியல் போட்டு வெட்டியிருக்கான். அந்த ஒரு கேள்வியை மட்டும் வெச்சி இன்னிக்கு ஒரு பரீட்சை நடத்து பார்ப்போம். ஹால்ல ஃபேன் சுத்தும், பெஞ்சு இருக்கும், ஆளு இருக்க மாட்டான்.

எல்லாருக்கும் ஓட்டுன்னு அரசியல் சட்டம் 326-ம் பிரிவுல எழுதினவங்க ஒண்ணும் தெரியாதவங்க இல்ல. அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் நம்ம மெட்ராஸ் வக்கீலு, சட்டத்தைக் கரைச்சிக் குடிச்சவரு. ஜனங்களுக்குப் படிப்பில்லன்னு தெரிஞ்சிதான், சாமானியன் மேல நம்பிக்கை வெச்சி இதைச் செஞ்சோம்னு அரசியல் நிர்ணய சபையிலயே 1949-ல பேசினார். அவ்வளவு படிச்சவரு எங்கம்மாவை நம்பியிருக்கார். உனக்கு இன்னாடா?

சரி, வந்த விஷயத்துக்கு வர்றேன்.

2025 நவம்பர்ல வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு வீடு வீடா ஃபார்ம் குடுத்தாங்களே, 2002-லயும் 2005-லயும் எடுத்த பழைய பட்டியல்ல உன் பேரோ, அப்பா அம்மா தாத்தா பேரோ எங்க இருக்குன்னு எழுதச் சொல்லி. பார்த்தியா, சுத்திச் சுத்தித் தாத்தாகிட்டயே வந்துட்டாங்க. நான் பழைய பூத் சிலிப்பை எல்லாம் தகர டப்பாவுல வெச்சிருக்கேன். பாகம், வரிசை எண் எல்லாம் எடுத்து வெச்சிக்கினு உனக்கு நாலு தடவை போன் போட்டேன். மீட்டிங்ல இருந்தே. பூக்கட்டுற அம்மா எங்கிட்ட வந்து குந்தி, தங்கச்சி வீட்டுக்காரன் வரைக்கும் சேர்த்து எழுதி வாங்கிக்கினு போனா.

டிசம்பர் 19-ல வரைவுப் பட்டியல் ஒட்டினாங்க. தமிழ்நாட்டுல 97 லட்சத்துக்கு மேல பேரு காணோம். செத்தவங்க, ரெண்டு எடத்துல இருந்தவங்க போக, ரொம்பப் பேரு குடி மாறிப் போனவங்க. நான் கண்ணாடியைப் போட்டுக்கினு போய் நின்னு பார்த்தேன். பூக்கட்டுற அம்மா இருக்கா. லேத்துக்காரன் இருக்கான். உங்க அத்தைப் பாட்டி இருக்கா. நான் இருக்கேன். உன் பேரு இங்க 'குடிபெயர்ந்தவர்'னு வேற பட்டியல்ல இருக்குது. அயப்பாக்கத்துல நீ எழுதிக் குடுக்கவே இல்ல, அங்கயும் இல்ல. யாருக்குப் பரீட்சை வைக்கணும்னு நேத்து நீ பேசிக்கினு இருந்தப்போ எனக்கு ரசம் தொண்டையில எறங்கல.

இந்தா, ஃபார்ம் 6, உனக்காக வாங்கி வெச்சேன். ஒரு போட்டோ, ஆதார் நகல், வீட்டுப் பத்திரத்துல ஒரு நகல் எடுத்துக்கோ. பேர் சேர்க்க இப்பவும் எழுதிக் குடுக்கலாம், பூத்துல முகாம் போடும்போது நானும் கூட வர்றேன். இப்பவே இங்கயே குந்தி எழுது. பொறந்த தேதிக் கட்டத்துல அடிச்சித் திருத்தாத. எழுதி முடிச்சிட்டு இப்படிக் குடு, தப்பு இருக்குதான்னு நான் பார்த்துத் தர்றேன்.